காலுறை போடும் முன் பாத நாடியைத் தொட்டுப் பாருங்கள்

மருத்துவம்: கேள்வி – பதில்

கால் வலி, கால் வீக்கம், ஆறாத புண் ஆகியவை பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வடாற்காட்டிலிருந்து, வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: வயது 61. குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. பீடிப் பழக்கமும் உண்டு. கடைத்தெருவில் சிறிது தூரம் நடந்தாலே வலது கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் சரியாகிறது. நரம்பு சுருண்டிருக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால், மருந்துக் கடையில் இறுக்கமான காலுறை வாங்கி இரவு பகலாகப் போட்டுக்கொண்டேன். சில நாட்களில் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. காலுறை தரமில்லாததா?

பதில்: காலுறையின் தரத்தில் குறையில்லை, போடக் கூடாத காலில் அதைப் போட்டதுதான் குறை. இன்னும் கழற்றாமல் இருந்தால் இந்த வரியைப் படித்ததுமே கழற்றிவிட்டு, கறுத்த விரலை நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வியாபாரம் ஓயட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இதயத்திலிருந்து காலுக்கு ரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. காலிலிருந்து மேலே திரும்ப எடுத்துச் செல்வது சிரை; 'நரம்பு சுருண்டது' என்று பேச்சில் சொல்வது இந்தச் சிரை புடைத்துச் சுருள்வதைத்தான். புகையிலையாலும் சர்க்கரையாலும் தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகிவிட்டால், உட்கார்ந்திருக்கும் தசைக்கு வருகிற ரத்தம் போதும், நடக்கிற தசைக்குப் போதாது. அதனால்தான் ஏறக்குறைய ஒரே தூரத்தில் உங்கள் ஆடுசதை பிடிக்கிறது, இரண்டு மூன்று நிமிடம் நின்றதும் விடுகிறது. சிரை நோயின் போக்கு வேறு. காலையில் லேசாக இருக்கும் கால், நின்று நின்று மாலையில் கனக்கும், கணுக்கால் வீங்கும். நடந்தாலோ உயர்த்தி வைத்தாலோ குறையும். முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தினாலும் நடக்கும்போது கால் வலிக்கும் என்றாலும், அந்த வலி வெறுமனே நின்றால் போகாது. உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். சிரை நோய்க்கு அழுத்தும் காலுறை மருந்து. தமனி அடைத்த காலிலோ, தோலுக்கு எட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச ரத்தத்தையும் அதே காலுறை தடுத்துவிடும். சிரை நோயாளியிடம் சொல்லும் 'காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள்' என்ற யோசனையும் உங்களைப் போன்றவருக்குக் கெடுதல்தான். இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்று ஒருவர் சொன்னால், அவருடைய தமனி ஏற்கெனவே மோசமாகிவிட்டது என்று பொருள்.

இதைக் கண்டறிய முதலில் வேண்டியது விரல் நுனிதான். புறங்காலின் மேல், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து மேல்நோக்கித் தடவிக்கொண்டு போனால் ஒரு நாடி துடிக்கும். உள் கணுக்கால் எலும்புக்குச் சற்றுப் பின்னால் இன்னொன்று துடிக்கும். இரண்டும் தட்டுப்படவில்லை என்றால், ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் அறியும் கை டாப்ளர் கருவியால் கணுக்காலின் ரத்த அழுத்தத்தையும் கையின் ரத்த அழுத்தத்தையும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விகிதம் 0.6. ஒன்றிலிருந்து 1.4 வரை இயல்பு, 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனியில் அடைப்பு இருக்கிறது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பேறிக் கெட்டித்துவிடுவதால், அடைப்பு இருந்தும் இந்த விகிதம் நன்றாக இருப்பது போலக் காட்டலாம். அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தத்தை அளப்பார்கள். உங்களுக்கு அதையும் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

நடந்தால் மட்டும் வலிக்கும் நிலையில், வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடப்பதே சிறந்த சிகிச்சை. வாரம் மூன்று நாட்களாவது, ஒவ்வொரு முறையும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம், மூன்று மாதம் இப்படி நடந்தவர்களுக்கு நடக்கும் தூரம் நன்றாகவே கூடுகிறது. ஆனால் விரல் கறுத்த உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. ஆஞ்சியோகிராம் எடுத்து அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்று பார்த்து, பலூன் வைத்து விரிக்கவோ ஸ்டென்ட் பொருத்தவோ பைபாஸ் செய்யவோ வேண்டியிருக்கும். 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் கால் தமனியை முதன்முதலில் உள்ளிருந்தே விரித்தது, விரல்கள் அழுகியும் காலை வெட்ட மறுத்த 82 வயது மூதாட்டி ஒருவருக்குத்தான். வெட்டாமலே அவர் நடந்தார். எனவே, விரலை எடுப்பது பற்றி யாராவது பேசினால், 'அதற்கு முன்பு ரத்த ஓட்டத்தைச் சரிசெய்ய வழி பார்த்தாகிவிட்டதா?' என்று கேளுங்கள். ஓட்டத்தைச் சரிசெய்யாமல் வெட்டிய இடம் ஆறுவது அரிது.

வேலூர் சி.எம்.சி.யில் ரத்தக் குழாய் அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவிலும் முதலில் காட்டலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் சென்று, உங்களுக்குச் சொல்லப்படும் சிகிச்சை அதன் பட்டியலில் வருகிறதா என்று அங்கேயே விசாரியுங்கள். ஆஞ்சியோகிராமுக்கு முன்பு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் சோதனை அவசியம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவரானால் அதையும் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை எழுதித் தருவார்கள். கால் சரியான பிறகும் அவற்றை நிறுத்தக் கூடாது. கால் தமனி அடைத்தவருக்குக் காலை இழப்பதைவிட மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தே பெரிது. பீடியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஆம்பூரில் பிரியாணிக் கடையொன்றில் சமையல் மாஸ்டராக இருக்கிறேன். வயது 46. சர்க்கரை, புகைப் பழக்கம் இல்லை. இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்துள்ளது. உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, எட்டு மாதமாக ஒரு புண் ஆறவில்லை. ஒருநாள் குளிக்கும்போது புடைப்பிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடித்தது. தொடையில் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். லேசரில் நரம்பை எரித்துவிடலாம் என்கிறார்கள். எரித்துவிட்டால் ரத்தம் எப்படித் திரும்பும்?

பதில்: ரத்தம் பீய்ச்சியதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டிலும் கடையிலும் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மீண்டும் அப்படி நேர்ந்தால் உடனே தரையில் படுத்து, காலை இதயத்தைவிட உயரத் தூக்கி, சுத்தமான துணியை அந்த இடத்தின் மேலேயே வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிடும். தொடையில் கயிறு கட்டுவது தவறு: அரைகுறையாக இறுக்கிய கயிறு மேலே போகும் சிரையை அடைத்துவிடும், கீழே வரும் தமனியை அடைக்காது, ரத்தம் இன்னும் வேகமாகக் கொட்டும். நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டோ இப்படி ரத்தம் இழந்து இறந்தவர்களும் உண்டு.

இனி உங்கள் கேள்வி. கிணற்று மோட்டாரின் அடியில் உள்ள ஃபுட் வால்வு ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிப்பது போல, கால் சிரைகளின் உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. ரத்தத்தை மேலே தள்ளும் மோட்டார் உங்கள் ஆடுசதை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கித் தள்ளுகிறது. அடுப்பின் முன்னால் அசையாமல் நிற்கும்போது ஓய்ந்துவிடுகிறது. அதோடு அடுப்பின் அனலும் சேர்ந்து சிரைகளை விரியச் செய்யும். வால்வு கெட்டுப்போனால் ரத்தம் கீழேயே தேங்கி, கணுக்கால் பகுதியில் அழுத்தம் ஏறி, சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து, அவற்றிலுள்ள இரும்புச் சத்து படிந்து தோல் கறுக்கிறது. அந்தத் தோலில் ஒரு கொசுக்கடியைச் சொறிந்தால் போதும், புண்ணாகிவிடும். களிம்பும் ஆன்டிபயாடிக்கும் எட்டு மாதமாகப் பலிக்காததற்குக் காரணம், புண்ணுக்குக் காரணமான அழுத்தத்தை அவை தொடவே இல்லை என்பதுதான். சீழும் காய்ச்சலும் சுற்றிலும் பரவும் சிவப்பும் இல்லாத இத்தகைய புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை.

எரிக்கப்போவது தோலுக்கு அடியில் ஓடும் மேல்சிரையை. காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு, தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரைகள் வழியாகத்தான் திரும்புகிறது. கெட்டுப்போன மேல்சிரை ரத்தத்தை மேலே கொண்டுபோகவில்லை, கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. அதை மூடினால் ஓட்டம் சீராகும். ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றனவா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்த்த பிறகே மூட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அந்த ஸ்கேனை நின்ற நிலையில் எடுக்க வேண்டும். படுத்தால் வால்வு கசிவது சரியாகத் தெரியாது. உங்களைப் படுக்க வைத்து மட்டுமே எடுத்திருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

லேசர், ரேடியோ அலை இரண்டும் வெப்பத்தால் சிரையை உள்ளிருந்து மூடுபவை. முழங்காலுக்கு அருகில் ஊசி அளவு துளை போட்டு, சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்துக் கரைசலை நிரப்பிச் செய்வார்கள். அன்றே நடந்து வீடு திரும்பலாம். பசை வைத்து ஒட்டுவதும், நுரை மருந்தைச் செலுத்துவதும் வேறு முறைகள். இடுப்பருகே கீறிச் சிரையை உருவி எடுக்கும் பழைய அறுவையும் தவறானதல்ல, செலவு குறைவு. ஓய்வு மட்டும் கூடுதலாகத் தேவைப்படும். எந்த முறையானாலும் சில ஆண்டுகள் கழித்து வேறொரு கிளை புடைக்கக்கூடும்.

இதைப் புண் ஆறிய பிறகு செய்யலாமா, இப்போதேயா என்பதில் எனக்குத் தயக்கமில்லை. பிரிட்டனில் 450 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அழுத்தக் கட்டுடன் சிரையையும் உடனே மூடியவர்களுக்குப் புண் பாதிப் பேரில் 56 நாட்களுக்குள் ஆறியது. கட்டு மட்டும் போட்டுச் சிரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் அதற்கு 82 நாட்கள் ஆயின. ஆகவே காத்திருக்க வேண்டாம். கட்டு மிக முக்கியம். பாத விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை, கணுக்காலில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும், பல அடுக்காகச் சுற்ற வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். குடியாத்தம் வாசகருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராதிருக்க, கட்டுப்போடும் முன் பாத நாடியைப் பார்த்தார்களா என்று நீங்களே கேளுங்கள்.

புண் ஆறிய பிறகு காலுறை. கணுக்காலையும் ஆடுசதையையும் காலையில், வீக்கம் வடிந்திருக்கும்போது அளந்து வாங்க வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டு, இரவு படுக்கும்போது கழற்றலாம். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் அடுப்படியில் இதைப் போட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்; நாள் முழுதும் முடியாவிட்டால் வேலை நேரத்திலாவது போடுங்கள். பிரியாணியைத் தம் போட்டுக் காத்திருக்கும் நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஆடுசதைக்கு அதுவே வேலை.

கேள்வி: ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மகளுக்குச் சிசேரியன் ஆகிப் பத்து நாள். இடது கால் தொடை வரை வீங்கி வலிக்கிறது. உடம்பு நீர் போட்டிருக்கிறது என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுத்து, படுக்கையிலேயே வைத்திருக்கிறோம். எண்ணெய் தேய்த்து உருவிவிட ஆள் வரச் சொல்லியிருக்கிறோம்.

பதில்: அம்மா, இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திராமல் உடனே பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் தருகிறேன். உருவிவிடுபவரை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால், ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகான வாரங்களிலும் ரத்தத்தின் உறையும் தன்மை கூடும். இடது பக்கத்துச் சிரையை இடுப்புக்குள் ஒரு தமனி குறுக்கே அழுத்துவதால் பெரும்பாலும் இடது கால்தான் வீங்கும். அறுவையும், அசையாத படுக்கையும், தண்ணீர் குறைப்பும் சேர்ந்தால் உறைவுக்கு வேறென்ன வேண்டும்? பச்சை உடம்புக்காரிக்குத் தாகம் தீரத் தண்ணீர் கொடுங்கள். உருவிவிட்டால் உறைவு பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கக்கூடும். திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சு வலி, மயக்கம், இருமலில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழையுங்கள்.

டாப்ளர் ஸ்கேனில் உறுதியானதும், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தொடங்கி, பிறகு வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றுவார்கள். குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். இவை இரண்டையும் எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைகள் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவை அல்ல. வார்ஃபரின் சாப்பிடும்போது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற சோதனை அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்றாலும் முருங்கைக் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே அளவில் கொடுங்கள். பிற்பாடு கருத்தடை மாத்திரை கேட்டுப் போகும்போதும், அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலும் இந்த உறைவைப் பற்றி மகள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கேள்வி: போளூர் அருகே கிராமம். அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்று மாத்திரை சாப்பிடுகிறார். கால் திடீரென்று சில்லிட்டுப் போனால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. சில்லிட்டு, வெளுத்து, மரத்து, கடுமையாக வலிக்கும் காலில் தமனி அடைத்துக்கொண்டிருக்கும். அப்பாவைப் போன்றவர்களுக்கு இதயத்தில் உருவான உறைவு போய் அடைத்திருக்கலாம். ரத்தம் இல்லாத தசை ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 1963இல் தாமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய பலூன் குழாயால் சிறு கீறல் வழியே அந்த உறைவை இழுத்து எடுத்துவிடலாம், நேரத்தோடு போனால். காலைச் சூடாக்காமல், உயர்த்தாமல், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோங்கள். உறைவுத் தடுப்பு மாத்திரையை அவர் ஒருவேளைகூட விடாமல் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: பேர்ணாம்பட்டு. வயது 32. சர்க்கரையோ கொழுப்போ இல்லை. பதினாறு வயதிலிருந்து பீடி. இரண்டு கால் விரல்கள் தாங்க முடியாமல் வலிக்கின்றன, நுனியில் புண். இந்த வயதில் அடைப்பு வருமா?

பதில்: வரும். 1908இல் லியோ பர்ஜர் என்ற மருத்துவர் விரிவாக விவரித்ததால் அவர் பெயரால் அழைக்கப்படும் இந்த நோய், புகையிலை பயன்படுத்தும் இளம் ஆண்களின் சிறு தமனிகளைத் தாக்குவது. கை விரல்களையும் விட்டுவைக்காது. பெரிய தமனிகள் நன்றாக இருந்து நுனிக் கிளைகள் அடைபடுவதால் பைபாஸ் குழாயைக் கொண்டுபோய் இணைக்க இடம் இருப்பதில்லை. வலி குறைக்கவும் புண் ஆறவும் மருந்துகள் உண்டு, நரம்பு முடிச்சை நீக்கும் அறுவையும் சிலருக்கு உதவும். ஆனால் நோயை நிறுத்துவது புகையிலையை அறவே விடுவது ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஒன்று என்று குறைப்பது பயன் தராது. மெல்லும் புகையிலைக்கு மாறுவதும் அப்படியே. நிக்கோட்டின் சூயிங்கம்கூட நோயை உயிரோடு வைத்திருக்கக்கூடும் என்பதால், நிக்கோட்டின் இல்லாத மாத்திரைகளையும் ஆலோசனையையும் கேளுங்கள். முழுதாக விட்டவர்களில் விரலோ காலோ இழப்பவர்கள் வெகு சிலர். தொடர்ந்தவர்களில் பலர் முதலில் விரலையும், பிறகு பாதத்தையும், அதன் பிறகு காலையும் இழந்திருக்கிறார்கள்.

கேள்வி: காட்பாடி. வயது 29. தொடையில் சிலந்தி வலை போல் நீல நிறக் கோடுகள். ஆபத்தா?

பதில்: இல்லை. வீக்கமோ கனமோ இல்லாவிட்டால் அப்படியே விடலாம். அழகுக்காக வேண்டுமானால் ஊசி மருந்தால் மறையச் செய்யலாம். அதற்குக் காப்பீடு கிடைக்காது.

கேள்வி: செய்யாறு. வயது 57. பதினைந்து ஆண்டுச் சர்க்கரை. மாதந்தோறும் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் வெறுங்காலில் போவது வழக்கம். கால் மரத்திருப்பதால் வலியே இல்லை. எனவே தொடரலாம் அல்லவா?

பதில்: வலி இல்லாததுதான் எனக்குக் கவலை. பதினான்கு கிலோமீட்டர் பாதையில் ஒரு கல் குத்தினாலோ தார்ச்சாலை சுட்டுக் கொப்பளித்தாலோ உங்களுக்குத் தெரியாது. தமனி அடைப்பு இருந்தாலும் அது நடக்கும்போது வலித்து எச்சரிக்க வேண்டும். மரத்த காலில் அந்த எச்சரிக்கையும் மங்கிப்போகிறது. அடுத்த பௌர்ணமிக்கு முன் பாத நாடியையும், மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் உணர்ச்சியையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

நாடி நன்றாக இருந்தால் நடக்கலாம், ஆனால் வெறுங்காலில் வேண்டாம். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மையத்திலும் அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்த எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார்) என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு உங்கள் பாதத்துக்கும் பொருந்தும். குதிகாலில் வார் வைத்ததாக வாங்குங்கள். செருப்பணிய மனம் ஒப்பவில்லை என்றால் மலையைச் சுற்றாமல் கோயிலுக்குள் தரிசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சுற்றுவதானால் வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கி, முடிந்ததும் வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் இருந்தால் குத்தி உடைக்காமல், வெந்நீரில் ஊறவைக்காமல், உலர்ந்த சுத்தமான துணி கட்டி மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். காலாணியை பிளேடால் சீவும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.